நானூறு பேருக்கு ஒரே எண்

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆடி மாத இரவு, பதினொன்றே கால் மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், நம் பட்டியலில் யார் இருக்கிறார்கள் பார் என்றான் நண்பன். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊரில் ஒரு ரத்தக் கொடையாளர் பட்டியல் வைத்திருந்தோம். ஆரம்பத்தில் அது நீளமான ஒரு கணக்கு நோட்டு. கோயில் திருவிழா, கல்லூரி முகாம், மண்டப வாசல் என்று ஆட்கள் கிடைக்கும் இடத்திலெல்லாம் பெயர், ரத்த வகை, போன் நம்பர் வாங்கி எழுதிக்கொள்வோம். நோட்டு தாள் தாளாகக் கழன்று வர ஆரம்பித்ததும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். 412 பேர். மூன்று வாரம் உட்கார்ந்து ஏற்றினேன். பெயர்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். அன்று இரவு பட்டியலைத் திறந்து ஓ நெகட்டிவ் என்று தேடினால் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேருக்கும் ஒரே போன் நம்பர்: 2147483647.

ஒரே குடும்பமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த எண்ணை அழுத்தியும் பார்த்தேன். அப்படி ஓர் எண் இல்லை என்றது பதிவுக் குரல். பட்டியலை மேலும் கீழும் இழுத்தேன். 2147483647, 2147483647, 2147483647. ஏழு இலக்க லேண்ட்லைன் கொடுத்திருந்த ஒன்பது பெரியவர்களைத் தவிர, மீதி 403 பேருக்கும் அதே எண். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் பழைய நோட்டு ஒரு நண்பன் வீட்டுப் பரணில் கிடந்தது. அதில் படிக்க முடிந்த பக்கத்தில் ஓ நெகட்டிவ் ஒருவர் அகப்பட்டார். நள்ளிரவு தாண்டி மொபெட்டை ஓட்டிக்கொண்டு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அந்த எண் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. போன் நம்பர் கட்டத்தை நான் 'முழு எண்' வகை என்று அமைத்திருந்தேன். அந்த வகைக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 கட்டங்கள். அதில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்று சொல்லப் போய்விடும், எண்ணுக்கு மிஞ்சுவது 31. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டியில் எல்லாக் கட்டத்திலும் 9 வந்துவிட்டால் அதற்கு மேல் காட்ட இடமில்லை அல்லவா, அதுபோல 31 இடத்திலும் 1 வந்துவிட்டால் இங்கே இடம் முடிந்தது. அந்த எண் 2³¹ − 1. நம் எழுத்தில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம் ஊர் மொபைல் எண்கள் எல்லாம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். பத்து இலக்கத்தை ஓர் எண்ணாகப் படித்தால் எதுவுமே 600 கோடிக்குக் குறையாது. ஆக ஒன்றுகூட உள்ளே நுழைய முடியாது. நான் பயன்படுத்திய மென்பொருள், இடம் போதவில்லை என்று நிறுத்தாமல், தன்னால் முடிந்த மிகப் பெரிய எண்ணை எழுதிவைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. மீட்க வழியே இல்லை. 403 வெவ்வேறு எண்கள் ஒரே எண்ணாக ஆனபின், அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எது யாருடையது என்று எந்தக் கணக்காலும் திரும்பப் போக முடியாது.

பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பனிடம் சொன்னேன். "அது வெறும் லிமிட்டுடா. கட்டத்தோட வகையை மாத்து, முடிஞ்சது" என்றான். மாற்றினேன். ஆனால் 'வெறும்' என்ற அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை. வேறு ஒருவர், எண்கணிதம் பார்க்கிறவர், இலக்கங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு 46, அதைக் கூட்டினால் 10, கடைசியில் 1, சூரியனுக்கு உரிய எண், நல்ல எண்தான் தம்பி என்றார். அதுவும் ஒட்டவில்லை. ஒருத்தர் அதில் ஒன்றுமே இல்லை என்கிறார், இன்னொருத்தர் சூரியனே இருக்கிறது என்கிறார். அந்த எண் உண்மையில் என்ன என்று இரண்டு பேரும் கேட்கவில்லையே என்று எனக்குப் பட்டது.

கத்தால்தி முதல் ஆய்லர் வரை

எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர் ஓய்வு பெற்றுப் பக்கத்துத் தெருவில் இருந்தார். பால் வாங்கப் போகும் வழியில் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எண்ணைச் சொன்னதும் நின்றுவிட்டார். "அது பகா எண்ணுப்பா. ஆய்லர் போட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றார்.

அன்று மாலை அவர் சொன்னதிலிருந்தும் பிறகு நானே தேடிப் படித்ததிலிருந்தும் தெரிந்தது இது. 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்களுக்கு, மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரால், மெர்சென் எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127 எல்லாம் பகா எண்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகிவிடும் என்று ஆசைப்படத் தோன்றும். 11-லேயே அந்த ஆசை உடைந்துவிடுகிறது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. பியெத்ரோ கத்தால்தி என்ற இத்தாலியர் 1588-இல் 17, 19 ஆகிய அடுக்குகள் பகா எண் தருவதை உட்கார்ந்து வகுத்துக் காட்டினார். அது பெரிய உழைப்பு. ஆனால் 23, 29, 31, 37 என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லிவைத்தார். அவற்றில் மூன்று தவறு. 23-க்கும் 37-க்கும் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் காரணி கண்டுபிடித்தார். 29-ஐ உடைத்தவர், சார் சொன்ன அந்த ஆய்லர் என்ற சுவிஸ் கணிதர்: 536870911 = 233 × 1103 × 2089. மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. அந்தப் பட்டியலிலும் 67, 257 என்று இரண்டு தவறானவை இருந்தன, 61, 89, 107 என்று மூன்று விடுபட்டிருந்தன. 31 மட்டும் இந்த இருவர் வாக்கிலும் தப்பிப் பிழைத்துக்கொண்டே வந்தது. 1772-இல் ஆய்லர் பெர்னூலி என்ற இன்னொரு கணிதருக்கு எழுதிய கடிதத்தில் 2³¹ − 1 பகா எண்தான் என்று முடித்துவைத்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது.

எப்படிச் செய்தார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேலே. அதுவரை 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் வகுக்க வேண்டாம் என்றார் சார். ஒரு பகா எண் இதை மீதியின்றி வகுப்பதாக வைத்துக்கொள். 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு தடவையும் அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதியை எழுது. 31-ஆவது தடவை மீதி 1 வந்துவிடும். வட்டமாகச் சுற்றி வந்த இடத்துக்கே வருவது மாதிரி. 31 பகா எண் என்பதால் அதற்குக் குறைந்த சுற்று கிடையாது. ஃபெர்மா சொன்ன விதிப்படி அந்தச் சுற்றின் நீளம், பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மிச்சமில்லாமல் வகுக்க வேண்டும். ஆகக் காரணி இருந்தால் அது 31-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். ஒற்றை எண்ணாகவும் இருக்க வேண்டியதால், 62-இன் மடங்கோடு ஒன்று. இன்னொரு விதி, காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்தால், 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டினால் வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 46,340-க்குள் அப்படி 372 எண்கள். அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூறுகூட இல்லை.

"மொபைலை உள்ளே வை" என்று ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். முதலில் வருவது 311. நீள் வகுத்தல் போட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303. மீதி 226. அதற்கடுத்தது 1489. மீதி 199. தினம் சாயங்காலம் ஏழெட்டு வகுத்தல் என்று இரண்டு வாரம் போனது. ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை நெருங்கும்போது மனசுக்குள் ஒரு படபடப்பு இருக்கும். இருநூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் தீர்ந்துபோன கேள்வி இது, பதில் எனக்கும் தெரியும், இருந்தாலும் மீதி பூஜ்யம் வந்துவிடுமோ என்று இருந்தது. வரவில்லை. கடைசி எண்ணும் மீதி விட்டது. அன்று இரவு வீடு திரும்பும்போது, 403 பேரின் எண்களை விழுங்கிய அந்த எண்மேல் இருந்த கோபம் எனக்குள் வேறு ஏதோவாக மாறியிருந்தது.

பதினைந்து ஒன்றுகள்

நான் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் ஏதோ ஒரு காரணத்துக்காகப் பகா எண்ணை எல்லையாக வைத்திருக்கிறார்கள், இவ்வளவு அழகான பொருத்தம் தானாக அமையாது என்று சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "சரி, 32 பிட்டுக்கு முன்னாடி எத்தனை பிட் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பதினாறு. "அதுல எல்லை என்ன? உடைச்சுட்டு வா."

2¹⁵ − 1 = 32767. வீட்டுக்குப் போகும் முன்பே, தெருவிளக்கடியில் நின்று, 7-ஆல் வகுபடுவதைப் பார்த்துவிட்டேன். 32767 = 7 × 31 × 151. ஏன் என்பதும் எழுதிப் பார்த்தபோது கண்ணுக்கு முன்னால் நின்றது. நம் பத்தடிமானத்தில் 111111 என்று ஆறு ஒன்றுகளை எழுதினால், அதை இரண்டிரண்டாகப் பிரிக்கலாம் என்பதால் 11-ஆல் வகுபடும், மும்மூன்றாகப் பிரிக்கலாம் என்பதால் 111-ஆல் வகுபடும். இரும எழுத்திலும் அதேதான். பதினைந்து ஒன்றுகளை மும்மூன்றாகப் பிரித்தால் 111, அதாவது ஏழு. ஐந்தைந்தாகப் பிரித்தால் 11111, அதாவது முப்பத்தொன்று. இப்போதைய 64 பிட் கம்ப்யூட்டரின் எல்லை 2⁶³ − 1, அதாவது 9223372036854775807. 63-ஐ ஏழாகவும் ஒன்பதாகவும் மூன்றாகவும் பிரிக்கலாம், அதனால் அதுவும் உடைகிறது: 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. முப்பத்தொன்றை எப்படியும் சமமாகப் பிரிக்க முடியாது. ஆனால் பதினொன்றையும் பிரிக்க முடியாதுதான், அங்கே 23 எங்கிருந்தோ வந்து உடைத்துவிட்டது. இருபத்தொன்பதும் அப்படியே உடைந்தது. முப்பத்தொன்று உடையவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குள் விஷயம் இரண்டாகப் பிரிந்தது. 32 பிட் என்பது மனிதர்கள் வைத்தது. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று வன்பொருளுக்குச் சௌகரியமாக இரட்டித்துக்கொண்டு போனபோது வந்தது. அதில் ஒரு பிட்டைக் குறிக்கு ஒதுக்கியதும் மனிதர்கள் செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு போய் உட்கார்ந்த இடம் ஒரு பகா எண் என்பதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. நண்பன் சொன்னது பாதி சரி: அது லிமிட். அந்த லிமிட் நாம் அதன்மேல் வைத்த வேலை. நாளைக்கு எல்லா இயந்திரமும் 64-க்கு மாறினால் அந்த வேலை போய்விடும், எண் இருக்கும். 311-ஆல் வகுத்தால் அப்போதும் 35 மிஞ்சும்.

எண்ணின் குணங்கள் என்று பட்டியல் போடுகிற பலரும் இந்தப் பிரிவுக் கோட்டைக் கவனிப்பதில்லை என்பது என் மனக்குறை. இலக்கங்களின் கூட்டல் 46 என்பது, நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்த குணம். எட்டடிமானத்தில் அதே எண் 17777777777. இரும முறையில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. நம் எழுத்தில் அப்படி இல்லை. இவை எல்லாம் எழுத்தின் குணங்கள். எண்கணிதக்காரர் கடைசியில் 1 வரை கூட்டிப் போனாரே, அதற்குள் மட்டும் ஒரு துளி உண்மை ஒளிந்திருந்தது: இதை 9-ஆல் வகுத்தால் மீதி 1. அது எந்த எழுத்தில் எழுதினாலும் மாறாது. பகா எண் என்பதும் மாறாது. இதற்குள்ளே இன்னொரு அடுக்கும் இருக்கிறது: அடுக்கில் இருக்கும் 31-உம் ஒரு மெர்சென் எண்தான், 2⁵ − 1. மெர்சென் எண்ணையே அடுக்காக வைத்து வரும் பகா எண்கள் 7, 127, 2147483647, அப்புறம் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1. இந்தக் கடைசியை 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் நிரூபித்தார். இந்த வகையில் இதுவரை தெரிந்தவை நான்கே நான்கு. நூறு பேர் கொண்ட கூட்டத்தில் நாலு பேர் மட்டும் ஒரே ஊர்க்காரர்கள் என்று தெரியவந்தால் வரும் நெருக்கம் எனக்கு இதில் வருகிறது.

பார்லோவின் வாக்கு

இந்தப் பகா எண்ணோடு 2³⁰-ஐப் பெருக்கினால் 2305843008139952128 கிடைக்கும். இது நிறைவெண். தன்னைத் தவிர்த்த மற்ற எல்லா வகுத்திகளையும் கூட்டினால் தானே திரும்பி வரும் எண். 6 என்றால் 1 + 2 + 3 போல. நிறைவெண்களின் வரிசையில் இது எட்டாவது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை ஆர்வத்துக்குரியவையே தவிரப் பயனுள்ளவை இல்லாததால் யாரும் முயலவே மாட்டார்கள் என்று எழுதினார். முதல் பாதி பொய்த்தது எல்லோருக்கும் தெரியும்: 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு அடுக்கே 136279841, இலக்கங்கள் நான்கு கோடியைத் தாண்டுகின்றன.

பயனில்லை என்ற இரண்டாம் பாதியைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பேன். கம்ப்யூட்டருக்குள் குலுக்கல் போடுவதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. ஓர் எண்ணை எடு, 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எழுது. அந்த மீதியை மறுபடி 16807-ஆல் பெருக்கு. இப்படியே போனால் 1 முதல் 2147483646 வரை உள்ள ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒரு தடவை வந்த பிறகுதான் தொடங்கிய எண் திரும்ப வரும். ஒன்றுகூட விடுபடாது, ஒன்றுகூட இரண்டு முறை வராது. 1969-இல் முன்வைக்கப்பட்டு, 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் குறைந்தபட்சத் தரமாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்த முறை இது. 32767 போல உடையும் எண்ணாக இருந்தால் இந்த முழுச் சுற்று நடக்கவே நடக்காது. 32 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண், பகா எண்ணாகவும் இருந்ததால் மட்டுமே இது முடிந்தது. எல்லோரையும் ஒன்றாக்கி என் பட்டியலை அழித்த அதே எண், இங்கே 214 கோடிப் பேரில் ஒருவரையும் விடாமல் வரிசையாகக் கூப்பிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லையாக அது செய்யப்போகும் வேலை ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 தொடங்கி வினாடிகளை எண்ணித்தான் நேரம் காட்டுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் இயந்திரங்களுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு 2147483647 வரும். அடுத்த வினாடி குறி புரண்டு, 1901 டிசம்பருக்குப் போய்விடும். பெரிய நிறுவனங்கள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சுவருக்குள்ளும் மீட்டருக்குள்ளும் கிடக்கும் சின்னச் சின்ன இயந்திரங்களை யார் மாற்றுவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. என் 412 வரிகளையே நான் மூன்று வாரம் உட்கார்ந்து ஏற்றிவிட்டு எண்களை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லையே.

பட்டியலை மறுபடி கட்ட ஏழு மாதம் ஆனது. கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றினேன். யோசித்துப் பார்த்தால் போன் நம்பர் எண்ணே இல்லை. இரண்டு போன் நம்பர்களை யாரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. இலக்கங்களால் எழுதிய ஒரு பெயர் அது. அதை எண் என்று நினைத்து எண்ணுக்கான இடத்தில் வைத்ததுதான் என் தவறு. கிழிந்த தாள்களை ஒட்டினோம், தெருத் தெருவாகப் போனோம், கல்யாண வீடுகளில் விசாரித்தோம். ஒருவர் ஒருவராக எல்லோருக்கும் அவரவர் எண் திரும்பக் கிடைத்தது, ஒருவரைத் தவிர. பி பாசிட்டிவ், ஆறு தடவை ரத்தம் கொடுத்தவர், வேலை மாறி எங்கோ போய்விட்டார். அவர் எழுதிய தாளும் கிடைக்கவில்லை. அவர் பெயரை அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இன்றைக்குப் பட்டியலைத் திறந்தாலும் 287-ஆவது வரியில் அவர் பெயர் இருக்கிறது, பக்கத்தில் 2147483647.